மண்ணின் வரவு செலவு: தென்னை நிழலில் கோகோவும் கரிம இருப்பும்

2014-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உலக வேளாண் காடுகள் மாநாடு தலைநகர் தில்லியில் கூடியது. அம்மாநாட்டை ஒட்டி இந்திய அரசு தேசிய வேளாண் காடுகள் கொள்கையை வெளியிட்டது. பயிரும் மரமும் ஒரே நிலத்தில் சேர்ந்து வளர்வதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் நாடு என்னும் பெயர் அன்று நமக்குக் கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி 29 அன்று, மத்திய வேளாண் அமைச்சகம் அதே தில்லியில் இன்னொரு ஆவணத்தை வெளியிட்டது. வேளாண் துறையில் தன்னார்வக் கரிமச் சந்தையை வளர்ப்பதற்கான சட்டகம் அது. மரம் நட்டவருக்கும் மண்ணைப் பேணியவருக்கும், அவர்கள் சேமித்த கரிமத்துக்கு ஈடாகப் பணம் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பணம் கைமாறும் இடத்தில் அளவு சரியாக இருத்தல் வேண்டும் என்பது வங்கியாளர்களாகிய நாங்கள் அன்றாடம் கற்கும் பாடம். நெல்லை மூட்டையில் கட்டி எடை போடலாம். பொன்னை உரைத்துப் பார்க்கலாம். காலடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கரிமத்தை எதைக் கொண்டு அளப்பது? பொள்ளாச்சியிலும் ஆனைமலையிலும் தென்னந்தோப்புக்குள் கோகோ வளர்க்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு இவ்வினா நேரடியாகப் பொருந்தும். நகரில் வாழும் வைப்புநிதியாளர்களுக்கும் இதில் பங்குண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட பசுமை வைப்புநிதி விதிமுறைகள் அவ்வாண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. அவ்வாறு திரட்டப்படும் பணத்தைக் காடு வளர்ப்பு, நிலைத்த வேளாண்மை போன்ற பணிகளுக்கும் வழங்கலாம். அப்பணத்தால் என்ன பயன் விளைந்தது என்று கேட்கும் உரிமை வைப்புநிதியாளருக்கு உண்டு. விடை கூறுவதற்கு அளவு வேண்டும்.

நிழலை விரும்பும் பயிர்

கோகோ தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில், உயர்ந்த மரங்களின் நிழலில் வளர்ந்து பழகிய சிறு மரம். 1798-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் அதனை நட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. வணிகப் பயிராக அது வேரூன்றியதோ 1960-களுக்குப் பின்னர்தான். கேரளத்தின் வயநாட்டில் கேட்பரி நிறுவனம் அமைத்த செயல்விளக்கப் பண்ணை அதற்கு ஒரு தொடக்கம். இன்று ஆந்திரம், கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில், ஏறத்தாழ ஓர் இலட்சம் எக்டேர் பரப்பில் கோகோ பயிராகிறது.

நம் நாட்டில் கோகோவுக்கென்று தனித் தோட்டம் காண்பது அரிது. தென்னை, பாக்கு, எண்ணெய்ப் பனை ஆகியவற்றின் ஊடுபயிராகவே அது வளர்கிறது. தென்னைக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 7.5 மீட்டர். நன்கு வளர்ந்த மரத்தின் செயல்படும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒரு மரத்துக்குரிய நிலம் 56 சதுர மீட்டர் எனில், வேர்வட்டம் 12.5 சதுர மீட்டர் மட்டுமே. ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவான மண், தென்னையின் வேர்கள் முழுமையாகப் பயன்படுத்தாத வெற்றிடமாக இருக்கிறது. அவ்விடத்தைத்தான் கோகோ நிரப்புகிறது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பல்லாண்டுகளாக இத்தகைய பலபயிர் முறைகளை ஆய்ந்து வருகிறது.

இம்முறையில் தேங்காயும் கோகோ விதையும் மட்டும் கிடைப்பதில்லை. கோகோ ஆண்டு முழுதும் இலை உதிர்க்கும் மரம். குடை வடிவம் கெடாமலிருக்கக் கவாத்து செய்யும்போது கிளைகளும் தழையும் விழுகின்றன. தென்னை மட்டைகளும் பாளைகளும் அவற்றோடு சேர்கின்றன. காயை உடைத்து விதை எடுத்தபின் எஞ்சும் ஓடு, காயின் எடையில் முக்கால் பங்கை நெருங்கும். இவையனைத்தும் மண்ணுக்குத் திரும்பினால் அதுவே மண்ணின் வரவு.

இருப்பும் ஓட்டமும்

வணிகவியல் பயின்றோர்க்கு இவ்வறிவியல் அந்நியமானதன்று. இருப்புநிலைக் குறிப்பு ஒரு குறிப்பிட்ட நாளில் எவ்வளவு உள்ளது என்பதைக் கூறும். வரவு செலவுக் கணக்கு ஓராண்டில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்பதைக் கூறும். மண்ணுக்கும் இவ்விரண்டு கணக்குகள் உண்டு. மண்ணில் தங்கியுள்ள கரிமம் இருப்பு. மண்ணுக்குள் வருவதும் மண்ணிலிருந்து போவதும் கரிம ஓட்டம்.

சருகு, வேர், எரு ஆகியவற்றின் வழியே கரிமம் உள்ளே வருகிறது. நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று செரித்துக் கரியமில வாயுவாக வெளிவிடுகின்றன. உயிருள்ள வேர்களும் மூச்சு விடுகின்றன. இவ்விரண்டும் சேர்ந்ததை மண் சுவாசம் என்கிறோம். உலகின் மண் பரப்பு முழுவதும் ஓராண்டில் வெளிவிடும் கரியமில வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் மனிதர் வெளியிடுவதைப் போல் எட்டு, பத்து மடங்கு இருக்கும். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஏறத்தாழ அதே அளவைத் தாவரங்கள் ஒளிச்சேர்க்கையால் திரும்பப் பெற்றுக்கொள்கின்றன. ஆனால் வரவும் செலவும் இத்துணைப் பெரியனவாக இருக்கும் கணக்கில், சிறு விழுக்காடு மாறினாலும் நிகரத் தொகை பெரிதும் மாறிவிடும். உலகின் முதல் ஒரு மீட்டர் ஆழ மண்ணில் மட்டும் ஏறத்தாழ 1,500 பில்லியன் டன் கரிமம் உள்ளது. வளிமண்டலத்தில் உள்ளதையும் எல்லாத் தாவரங்களில் உள்ளதையும் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது.

ஓட்டத்தை அளப்பது எவ்வாறு?

மண் சுவாசத்தை அளக்கும் கருவியின் அடிப்படை எளியது. பத்து முதல் இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை வளையமாக வெட்டி, மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழம் பதிக்கிறார்கள். பதித்த அன்றே அளந்தால், கிளறப்பட்ட மண்ணும் அறுபட்ட வேரும் பொய்க்கணக்குக் காட்டும். ஆகவே சில நாள் ஆறவிடுகிறார்கள். பிறகு அவ்வளையத்தின் மேல் காற்றுப் புகாத மூடிக்கலனைப் பொருத்துகிறார்கள். கலனுக்குள் உள்ள காற்று ஓர் அகச்சிவப்பு வாயு அளவியின் வழியே சுற்றிச்சுற்றி வருகிறது. கரியமில வாயு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் இயல்புடையது; எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதிலிருந்து வாயுவின் செறிவு தெரிகிறது. இரண்டு மூன்று நிமிடங்களில் செறிவு எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைக் கலனின் கொள்ளளவால் பெருக்கி, வளையத்தின் பரப்பால் வகுத்தால் ஓட்டம் கிடைத்துவிடும். விலையுயர்ந்த அளவி இல்லாத காலத்தில், கலனுக்குள் காரக் கரைசலை ஒரு நாள் வைத்து, அது உறிஞ்சிய வாயுவை ஆய்வகத்தில் அமிலம் கொண்டு கணக்கிட்டார்கள். இன்றும் அம்முறை வழக்கொழிந்துவிடவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் மண், நொடிக்கு 3 மைக்ரோமோல் கரியமில வாயு விடுவதாக வைத்துக்கொள்வோம். இது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3.1 கிராம் கரிமம். ஆண்டு முழுதும் அதே வேகம் எனில், எக்டேருக்கு 11 டன்னுக்கும் மேல்! இவ்வெண்ணைக் கண்டு, கோகோத் தோப்பு கரிமத்தை இழந்துகொண்டிருக்கிறது என்று முடிவுகட்டுவது பிழை. அதில் ஒரு பகுதி வேர்களின் மூச்சு. மரம் அன்றன்று ஈட்டி அன்றன்று செலவழிப்பது. மண்ணின் சேமிப்பிலிருந்து போவது நுண்ணுயிர்களின் பங்கு மட்டுமே. இரண்டையும் பிரிக்க, ஒரு சிறு பாத்தியைச் சுற்றி அகழி வெட்டி வேர்களைத் துண்டித்து, சில மாதங்கள் கழித்து உள்ளேயும் வெளியேயும் அளக்கிறார்கள். வேறுபாடு வேரின் பங்காகக் கொள்ளப்படுகிறது. மறுபுறம், வலைகளைக் கட்டி உதிரும் சருகைத் திங்கள்தோறும் திரட்டி, உலர்த்தி எடைபோட்டு வரவையும் கணக்கிடுகிறார்கள். வரவைப் பாராமல் செலவை மட்டும் காட்டும் எந்த அறிக்கையும் அரைக் கணக்கே.

அளவு தவறும் இடங்கள்

முதலாவது, இடம். தென்னையின் பாத்திக்குள் நீரும் எருவும் வேரும் மிகுதி. ஆதலால் ஓட்டமும் மிகுதி. பாத்திக்குள் 6, இடைவெளியில் 3 என்று அளவு வந்தால், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 4.5 என்று எழுதிவிடக் கூடாது. பாத்தி, நிலத்தில் 22 விழுக்காடு மட்டுமே. பரப்பின் விகிதப்படி கணக்கிட்டால் விடை 3.66. எளிய சராசரி, உண்மையைவிட 23 விழுக்காடு மிகையாகக் காட்டிவிடுகிறது. எத்தனை வளையங்கள் பதித்தார்கள் என்பதோடு, அவற்றை எங்கே பதித்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, காலம். மண் சூடேறினால் நுண்ணுயிர்கள் விரைவாக இயங்கும். வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் ஓட்டம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவான கணிப்பு. கோகோவின் நிழலும் சருகுப் போர்வையும் இவ்வெப்பத்தைத் தணிக்கின்றன. இன்னொரு வியப்பும் உண்டு. காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும், சில மணி நேரத்தில் கரியமில வாயு பொங்கி எழுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிர்ச் என்னும் மண் அறிவியலாளர் 1950-களில் இதனை விரிவாக ஆராய்ந்தமையால், அவர் பெயராலேயே அது பிர்ச் விளைவு எனப்படுகிறது. கோடையில் மட்டும் அளந்தவர் குறைவாகவும், முதல் மழைக்கு மறுநாள் மட்டும் அளந்தவர் மிகையாகவும் எழுதுவர். தென்மேற்கும் வடகிழக்குமாக இரு பருவமழை பெறும் நம் பகுதிகளில், ஆண்டு முழுதும் அளந்தாலன்றி உண்மை தெரியாது.

மூன்றாவது, பிற வாயுக்கள். யூரியா முதலிய தழைச்சத்து உரங்களை அளவுக்கு மீறி இட்டால், மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு எழும். நூறாண்டுக் கணக்கில் அது எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டக்கூடியது. கோகோ ஓடுகளை ஈரத்தோடு குவித்து அழுகவிட்டால் மீத்தேன் உண்டாகும். கருங்காய் அழுகல் நோயும் பரவும். ஓடுகளைத் தழைகளோடு கலந்து காற்றோட்டமாக மக்கவைப்பது இரண்டுக்கும் தீர்வு.

இருப்பை அளப்பது எவ்வாறு?

ஓட்டத்தை அளப்பது ஆராய்ச்சியாளர் பணி. கரிமச் சந்தையில் பெரும்பாலும் கேட்கப்படுவது இருப்பின் மாற்றம். மண்ணைத் துளைத்து மாதிரி எடுத்து, கரிம விழுக்காட்டையும் மண்ணின் அடர்த்தியையும் கண்டறிகிறார்கள். வாக்லியும் பிளாக்கும் 1934-இல் வெளியிட்ட இரசாயன முறையே நம் மண் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பெரிதும் பின்பற்றப்படுகிறது. அம்முறை கரிமம் முழுவதையும் காட்டாது. ஏறத்தாழ 77 விழுக்காட்டைத்தான் பிடிக்கும் என்று கொண்டு, விடையை 1.3-ஆல் பெருக்குவது வழக்கம். முதல் ஆய்வை இம்முறையிலும் மறு ஆய்வை மாதிரியை எரித்து அளக்கும் நவீனக் கருவியிலும் செய்தால், மண் மாறாமலேயே கரிமம் கூடியதாகத் தோன்றும்.

கணக்கு எளிது. கரிமம் 1 விழுக்காடு, அடர்த்தி 1.3, ஆழம் 30 சென்டிமீட்டர் எனில், மூன்றையும் பெருக்க எக்டேருக்கு 39 டன் கரிமம். நல்ல பராமரிப்பால் ஆண்டுக்கு அரை டன் கூடுவதாகக் கொள்வோம். 39-இல் அரை டன் என்பது 1.3 விழுக்காடு. மாதிரிக்கு மாதிரி 20 விழுக்காடு வேறுபடும் தோப்பில் பத்து மாதிரிகள் எடுத்தால், சராசரியிலேயே ஏறத்தாழ இரண்டரை டன் ஐயம் நிற்கும். நூறு மாதிரிகள் எடுத்தாலும் முக்கால் டன்னுக்கு மேல் ஐயம் உண்டு. அதாவது ஓராண்டின் சேமிப்பை ஓராண்டில் மெய்ப்பிக்க இயலாது. ஐந்து, பத்து ஆண்டுகள் பொறுத்தே அளக்க வேண்டும். இதனால் சேமிப்பே இல்லை என்று பொருளன்று. தராசின் முள் அசைவதற்கு அவ்வளவு எடை வேண்டும், அவ்வளவே.

ரூபாயில் எவ்வளவு?

அரை டன் கரிமம் என்பது 1.83 டன் கரியமில வாயுவுக்குச் சமம். டன்னுக்கு 1,000 ரூபாய் கிடைப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், எக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 1,830 ரூபாய். இதிலிருந்து அளவீட்டுச் செலவும், சரிபார்ப்புக் கட்டணமும், இடைநிறுவனத்தின் பங்கும் கழியும். மரத்தில் சேரும் கரிமமும் கணக்கில் வந்தால் தொகை உயரலாம். எனினும், தனி ஒரு சிறு விவசாயியால் அளவீட்டுச் செலவைத் தாங்க முடியாது. பலர் ஒன்றுசேர்ந்த திட்டமாகவே இது அமையும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இங்கே ஒரு பங்கு காத்திருக்கிறது.

ஆகவே கரிமப் பணத்தை நம்பி எவரும் கோகோ நட வேண்டியதில்லை. விதையை நம்பி நடலாம். அதிலும் எச்சரிக்கை வேண்டும். 2024-இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. மறு ஆண்டிலேயே பெரிதும் இறங்கியது. கடன் பெறுவோர் உச்ச விலையைக் கொண்டு தவணையைத் திட்டமிடலாகாது.

கையெழுத்துக்கு முன்

கரிம ஒப்பந்தம் கொண்டு வருவோரிடம் நம் வாடிக்கையாளர்கள் கேட்க வேண்டிய வினாக்கள் சில உண்டு.

தொடக்க இருப்பு என் நிலத்தில் மண் எடுத்து அளக்கப்படுமா, அன்றி ஏதோ ஒரு சராசரி எண்ணா? எந்த ஆழம், எந்த முறை, எத்தனை மாதிரிகள்? மறு ஆய்வும் அதே முறையில் நடக்குமா? செலவு யாருடையது? ஒப்பந்தம் எத்தனை ஆண்டுகள்? இடையில் நிலத்தை விற்றாலோ பாகம் பிரித்தாலோ என்ன ஆகும்? குத்தகைதாரர் உழைப்புக்குப் பங்கு உண்டா? இதே கரிமத்தை வேறு எவரிடமும் விற்க முடியாதவாறு பொதுப் பதிவேட்டில் பதிவாகுமா? ஒப்பந்தம் தமிழில் கிடைக்குமா?

இன்னொரு வினாவும் இன்றியமையாதது: மரம் பட்டுப்போனால்? இது கற்பனை அச்சமன்று. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும், கேரள வாடல் நோயும் தென்னை விவசாயிகளை எவ்வளவு வாட்டின என்பதை அனைவரும் அறிவர். நோயுற்ற மரங்களை வெட்ட நேர்ந்தபின், முன்பு பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நில உரிமைப் பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருப்பின், கையெழுத்திடுமுன் கிளை மேலாளரிடம் ஒரு சொல் கூறிவிடுவது நலம்.

இன்றே செய்யக் கூடியது

கரிமச் சந்தை வரட்டும், வராமல் போகட்டும். மண்ணின் கரிமம் கூடினால் நீர் தங்கும், உரச்செலவு குறையும், வறட்சியைத் தோப்பு தாங்கும். அப்பயனைப் பெற எவருடைய சான்றிதழும் தேவையில்லை. மட்டைகளையும் சருகையும் எரிக்காமல் மூடாக்காக இடுவதும், மண்புழு உரமாக்குவதும், தேவையற்ற உழவைத் தவிர்ப்பதும் போதும்.

அளவீட்டுக்கும் ஒரு தொடக்கம் கைவசம் உள்ளது. 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மண் வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு கூறுகள் ஆய்ந்து தரப்படுகின்றன. அங்ககக் கரிமம் அவற்றுள் ஒன்று. அரை விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் குறைவு, முக்கால் விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மிகுதி என்பது பொது வகைப்பாடு. ஒவ்வொரு முறையும் அதே இடங்களில், அதே பருவத்தில், அதே ஆழத்தில் மண் எடுத்து அனுப்புங்கள். பாத்தி மண்ணையும் இடைவெளி மண்ணையும் கலவாதீர்கள். எடுத்த நாளையும் இட்ட எருவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பழைய அட்டைகளை எறிந்துவிடாமல், நகைக்கடன் சீட்டையும் வைப்புநிதி இரசீதையும் வைக்கும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள். நாளை எவரேனும் கரிமக் கணக்கோடு உங்கள் தோப்புக்கு வந்தால், சரிபார்க்க உங்களிடமும் ஒரு கணக்கு இருக்கும்.